ஜோடி சேர்வதும் பிரிவதும்

ஓட்டப் பந்தயத்தில் தோற்றவன் தன் கால்களை நொந்துகொள்ளலாம். சதுரங்கத்தில் தோற்றவன் தன் புத்தியை நொந்துகொள்ளலாம். பதினொரு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் தோல்வி நேர்ந்தாலோ, பழியைப் பதினொரு பங்காகப் போட்டால் ஆளுக்குக் கொஞ்சந்தான் வரும். அதனால் எவருக்கும் இராத் தூக்கம் கெட்டுப்போவதில்லை. ஆனால், இருவர் சேர்ந்து ஆடும் ஆட்டம் இருக்கிறதே, அதில் தோல்வி வந்தால் குற்றம் யாருடையது என்று நெடுநேரம் யோசிக்க வேண்டியதில்லை. "நான் இல்லை" என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால், பாக்கி இருப்பவர் ஒரே ஒருவர்தான்.

டென்னிஸிலும் பாட்மிண்டனிலும் ஜோடி ஆட்டத்தின் சுவாரஸ்யமும் சங்கடமும் இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கின்றன. இதைப் பற்றி நாம் எழுத முன்வந்ததற்குக் காரணம் உண்டு. டென்னிஸ் உலகில் பாரத தேசம் பெற்ற பெரிய வெற்றிகளில் மிகப் பல தனி ஆட்டத்தில் வந்தவை அல்ல. ஜோடி ஆட்டத்தில் வந்தவை. அந்த வெற்றிகள் எப்படி வந்தன, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன சந்தர்ப்பங்கள் எப்படி நேர்ந்தன என்று பார்த்தோமானால், அது பந்தையும் மட்டையையும் பற்றிய கதையாக மாத்திரம் இராது. கூட்டு வியாபாரம் செய்கிறவர்களும், ஒரே மேடையில் சேர்ந்து பாடுகிறவர்களும், பாகம் பிரித்துக்கொள்ள உட்கார்ந்திருக்கும் சகோதரர்களுங்கூடக் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டிய கதையாக இருக்கும்.

முதுகுக்குப் பின்னால் ஜாடை

முதுகுக்குப் பின்னால் பேசுவது நல்ல குணம் அல்ல என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். டென்னிஸ் ஜோடி ஆட்டத்தில் மட்டும் அது மிகவும் நல்ல குணம். ஒருவர் பின்கோட்டில் நின்று ஸர்வீஸ் போடும்போது, வலையருகே நிற்கும் கூட்டாளி தம் கையை முதுகுப் புறம் வைத்துக்கொண்டு விரல்களால் ஜாடை காட்டுவார். "நான் இருந்த இடத்திலேயே இருப்பேன்" என்பது ஒரு ஜாடை. "பந்து போன கணமே குறுக்கே பாய்வேன், நீ என் இடத்தைப் பார்த்துக்கொள்" என்பது இன்னொரு ஜாடை. பின்னால் இருப்பவர் அதைப் பார்த்து, அதற்குத் தக்கபடி ஸர்வீஸ் போட்டு, அதற்குத் தக்கபடி ஓட வேண்டும். ஜாடை காட்டியவர் கடைசிக் கணத்தில் மனத்தை மாற்றிக்கொண்டார் என்றால், இருவரும் ஒரே பக்கத்தில் போய் நிற்க, மற்றொரு பக்கம் திறந்த வாசலாகக் கிடக்கும். எதிராளிகள் அதன் வழியே பந்தை அனுப்பிவிட்டுப் புன்னகை செய்வார்கள்.

ஆகவே, ஜோடி ஆட்டத்தில் வேகமும் பலமும் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது. ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் இருவரும் நெருங்கி வந்து, கையோடு கை தட்டி, வாயைப் பந்தால் மறைத்துக்கொண்டு இரண்டு வார்த்தை பேசுவதைக் காணலாம். புள்ளி கிடைத்தாலும் கை தட்டுவார்கள். போனாலும் கை தட்டுவார்கள். போன பிறகு தட்டுகிற கைக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஒருவரைப் போல் மற்றவர் இருந்தால் நல்ல ஜோடி ஆகிவிடும் என்று நினைப்பது தவறு. அமெரிக்காவின் பிரயன் சகோதரர்கள் இரட்டைப் பிள்ளைகள். முக ஜாடையில் ஒருவரை ஒருவர் உரித்து வைத்தவர்கள். ஆனால், மைக் வலது கையால் ஆடுவார். பாப் இடது கையால் ஆடுவார். எதிராளிகளுக்கு ஒரே ஸர்வீஸ் பழகிப்போவதற்குள் பந்து வேறு கோணத்தில் வரத் தொடங்கிவிடும். இந்த ஒற்றுமையும் இந்த வேற்றுமையும் சேர்ந்துதான் அவர்களுக்கு 119 பட்டங்களைத் தேடிக் கொடுத்தன.

பாட்மிண்டனில் நம் நாட்டு ஜோடி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஆந்திர நாட்டு அமலாபுரத்தைச் சேர்ந்த சாத்விக் சாய்ராஜ் ரங்கிரெட்டியும் மும்பைவாசியான சிராக் ஷெட்டியும் தாமாகத் தேடிச் சேர்ந்தவர்கள் அல்லர். மலேசியாவிலிருந்து வந்த பயிற்சியாளர் டான் கிம் ஹெர் அவர்களைச் சேர்த்து வைத்தார். இருவருமே பின்கோட்டிலிருந்து ஓங்கி அடிப்பதில் சூரர்கள். ஆனால், ஜோடி ஆட்டத்தில் ஒருவர் அடித்தால் மற்றொருவர் முன்னால் வந்து வலையைக் காக்க வேண்டும். இரண்டு பேரும் அடிப்பேன் என்றால் வலையைக் காப்பது யார்? அடிப்பதில் உள்ள ஆனந்தத்தைக் கூட்டாளிக்கு விட்டுக்கொடுத்து, வலையைக் காக்கக் கற்றுக்கொண்ட பிறகே அந்த ஜோடி ஜோடியாயிற்று. 2023-ம் வருஷத்தில் ஆசியச் சாம்பியன் பட்டமும், ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கமும், உலக வரிசையில் முதல் ஸ்தானமும் அவர்களுக்குக் கிடைத்தன. இவையெல்லாம் விட்டுக்கொடுத்ததற்கு வந்த வட்டி என்று சொல்லலாம்.

கணக்குப் புஸ்தகம்

இனி, பிரிவது ஏன் என்று பார்ப்போம்.

டென்னிஸில் ஜோடியாகச் சேர்ந்து ஜயித்தாலும், தரவரிசைப் புள்ளிகளைத் தனித்தனியாகத்தான் எழுதுகிறார்கள். பரிசுப் பணம் சரிபாதி. ஒரு பந்தயத்தில் இடம் வேண்டுமானால் இருவருடைய வரிசை எண்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத் தொகை குறைவாக உள்ளவர்களுக்கே இடம். பத்தாவது ஸ்தானத்தில் உள்ளவரும் அறுபதாவது ஸ்தானத்தில் உள்ளவரும் சேர்ந்தால் தொகை எழுபது. அதே பத்தாவது ஆட்டக்காரர் இருபதாவது ஸ்தானத்தில் உள்ள ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் தொகை முப்பது. பள்ளிக்கூடப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு இது. கூட்டாளியை விட்டுப் பிரிந்தாலும் ஒருவர் சம்பாதித்த புள்ளிகள் அவருடனேயே போகும். பூர்வீகச் சொத்தைப் பிரிப்பதில் உள்ள வில்லங்கம் இதில் இல்லை.

ஆகையால் வருஷ முடிவில் கல்யாணத் தரகர்களுக்கு வேலை வருகிற மாதிரி ஒரு பருவம் வந்துவிடுகிறது. யாருக்கு முழங்கால் வலி, யாருக்கு வயதாகிறது, யார் யாரை விட்டுவிடப் போகிறார் என்ற விசாரணைகள் நடக்கின்றன. இதில் கேவலம் ஒன்றும் இல்லை. இவர்களுக்கு ஆட்டமே ஜீவனம். ஒருவர் தேங்கி நின்றால் மற்றவருடைய ஜீவனமும் தேங்கிவிடும். பாடகர் ஒருவர் இந்த வருஷம் ஒரு வித்வானுடைய மிருதங்கத்தையும், அடுத்த வருஷம் வேறொருவருடைய மிருதங்கத்தையும் வைத்துக்கொண்டால் நாம் யாரும் அதை நம்பிக்கைத் துரோகம் என்று சொல்வதில்லை அல்லவா?

ஆனால், ஜீவனத்துக்காக ஆடும் பந்தயங்களுக்கு மேலே வேறொன்று இருக்கிறது. டேவிஸ் கோப்பையிலும் ஒலிம்பிக்கிலும் ஒரே தேசத்தைச் சேர்ந்தவர்கள்தான் ஜோடியாக ஆட முடியும். வருஷமெல்லாம் அயல்நாட்டுக் கூட்டாளியோடு ஆடியவர், அந்த வாரம் மட்டும் சொந்த நாட்டுக்காரரோடு நிற்க வேண்டும். வெளியூரில் தனித்தனியே குடித்தனம் செய்யும் சகோதரர்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஒன்று கூட வேண்டியது போல. அன்றைக்குப் பழைய மனஸ்தாபங்கள் எல்லாம் அடுப்பைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

1999-ம் வருஷம்

நம் நாட்டுக்கு ஜோடி ஆட்டம் புதிதன்று. 1966-ம் வருஷம் மெல்போர்னில் நடந்த டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் பாரதம் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. ஆனால், அதில் பாரதம் பெற்ற ஒரே வெற்றி ஜோடி ஆட்டத்தில்தான். நம் ராமநாதன் கிருஷ்ணனும் வங்காளத்து ஜயதீப் முகர்ஜியும், முந்திய வருஷம் விம்பிள்டன் ஜோடிப் பட்டம் பெற்றிருந்த நியூகோம்ப்–ரோச் ஜோடியை அன்று தோற்கடித்தார்கள். பத்து வருஷத்துக்குப் பின், 1976-ல், சென்னைச் சகோதரர்களான விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் விம்பிள்டனில் அரை இறுதி வரை போனார்கள்.

அமிர்தராஜ் குடும்பத்தின் பேரால் சென்னையில் நடந்த பயிற்சிப் பள்ளிக்கு 1985-ல் கல்கத்தாவிலிருந்து ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். அவன் தந்தை 1972-ம் வருஷத்து ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடி வெண்கலப் பதக்கம் வாங்கியவர். அந்தச் சிறுவன்தான் லியாண்டர் பயஸ். அவருக்கு ஒரு வயது இளையவரான மகேஷ் பூபதியோ சென்னையிலேயே பிறந்தவர். பயஸ் வலையருகே மின்னல் மாதிரி பாய்கிறவர். பூபதி பின்னால் நின்று எதிராளியின் ஸர்வீஸை உறுதியாகத் திருப்பி அனுப்புகிறவர். ஒருவர் நெருப்பு, ஒருவர் நிதானம். புள்ளி கிடைத்ததும் இருவரும் மார்போடு மார்பு மோதிக்கொள்வது அந்தக் காலத்தில் தேசமெங்கும் பிரசித்தமாகிவிட்டது.

1999-ல் உலகத்தின் நாலு பெரிய போட்டிகளிலும் அவர்கள் இறுதி ஆட்டத்துக்குச் சென்றார்கள். ஆஸ்திரேலியப் போட்டியிலும் அமெரிக்கப் போட்டியிலும் தோற்றார்கள். பிரெஞ்சுப் போட்டியிலும் விம்பிள்டனிலும் ஜயித்தார்கள். ஆடவர் ஜோடி ஆட்டத்தில் அந்தப் பெரிய பட்டத்தைப் பெற்ற முதல் பாரத ஜோடி அவர்களே. உலக வரிசையில் முதல் ஸ்தானமும் கிடைத்தது. இப்படிப்பட்ட ஒரு வருஷத்துக்குப் பிறகு எந்த ஜோடியும் பிரியாது என்றுதான் நாம் நினைப்போம்.

அவர்கள் பிரிந்தார்கள்.

சொல்லாத சொல்

பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், 2001-ல் மறுபடி பிரெஞ்சுப் பட்டத்தை ஜயித்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். வயிற்றுப் பிழைப்புக்கான பந்தயங்களில் வேறு வேறு கூட்டாளிகளோடு போனார்கள். அப்படிப் போனதனால் இருவரும் கெட்டுப்போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பூபதி 2002-ல் பெலாரஸ் நாட்டு மாக்ஸ் மிர்னியோடு சேர்ந்து அமெரிக்கப் பட்டத்தை வென்றார். பயஸ், செக் தேசத்தவர்களான டாம், டுலூஹி, ஸ்டெபானெக் என்று மூன்று பேரோடு வெவ்வேறு காலத்தில் சேர்ந்து ஐந்து பெரிய பட்டங்களைப் பெற்றார். கலப்பு ஜோடி ஆட்டத்தில் அவர் பெற்ற பெரிய பட்டங்கள் பத்து. நூறு பேருக்கு மேற்பட்ட கூட்டாளிகளோடு ஆடியவர் அவர். நூறு பேரோடு ஒத்துப்போகத் தெரிந்தவருக்கு ஒருவரோடு மட்டும் ஒத்துப்போகவில்லை; அந்த ஒருவருக்கும் அப்படியேதான் இருந்தது. 2009-ல் அமெரிக்கப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் வலைக்கு இந்தப்புறம் பயஸ், அந்தப்புறம் பூபதி. இரண்டு பாரத வீரர்கள் இறுதி ஆட்டத்தில் நிற்பதைக் கண்டு மகிழ்வதா, அவர்கள் எதிர் எதிராக நிற்பதைக் கண்டு வருந்துவதா என்று தெரியாமல் நம்மில் பலர் தவித்தோம். அன்று ஜயித்தவர் பயஸ்.

இதற்கிடையே ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. டேவிஸ் கோப்பையில் தேசத்துக்காக இருவரும் கூடி நின்ற போதெல்லாம் வெற்றியே வந்தது. தொடர்ச்சியாக 24 ஜோடி ஆட்டங்களை ஜயித்து, அந்தப் போட்டியின் சரித்திரத்தில் எவரும் காணாத சாதனையைச் செய்தார்கள். அந்த 24-ல் அவர்கள் வெளியில் பிரிந்திருந்த காலத்து ஆட்டங்களும் சேர்ந்தவை. 2002-ல் பூசானிலும் 2006-ல் தோஹாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கமும் வாங்கினார்கள். 2004-ல் ஏதன்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம், கடைசி செட்டில் 16–14 என்ற கணக்கில் குரோஷிய ஜோடிக்குப் போயிற்று. அந்த இரண்டு கேம் வித்தியாசம் நம் தேசத்தாருக்கு இன்றும் வலிக்கிறது.

இவர்கள் ஏன் பிரிந்தார்கள்? 2021-ல் வெளியான 'பிரேக் பாயிண்ட்' என்ற தொடர் படத்தில் இருவரும் தத்தம் கதையைத் தனித்தனியே சொன்னார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் மனத்தில் பதியும்: பெரிய துரோகம் எதுவும் முதலில் நடந்துவிடவில்லை. நேரில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை. நேரில் சொல்லியிருக்க வேண்டிய பதில் சொல்லப்படவில்லை. இடைவெளி ஒன்று ஏற்பட்டால் அதை நிரப்ப மூன்றாம் மனிதர்களுக்கா பஞ்சம்? ஆடுகளத்தில் முதுகுக்குப் பின்னால் காட்டும் ஜாடையைக்கூடப் புரிந்துகொண்டவர்களுக்கு, களத்துக்கு வெளியே ஒருவர் மௌனத்தை மற்றவர் படிக்க முடியவில்லை.

லண்டனில் நேர்ந்தது

மனஸ்தாபம் இருவருக்குள் இருக்கும் வரையில் அது அவர்கள் சொந்த விஷயம். 2012-ல் அது தேசத்தின் விஷயமாயிற்று.

லண்டன் ஒலிம்பிக் நெருங்கிற்று. பூபதியும் ரோஹன் போபண்ணாவும் அந்த ஒலிம்பிக்கை உத்தேசித்தே வருஷத் தொடக்கத்திலிருந்து ஜோடியாக ஆடிவந்தார்கள். அதற்காகப் போபண்ணா, பாகிஸ்தானத்து ஐசாம் குரேஷியோடு இருந்த நல்ல கூட்டை விட்டு வந்திருந்தார். பயஸோ உலக வரிசையில் முதல் பத்துப் பேரில் ஒருவர். அந்த வருஷத்து ஆஸ்திரேலியப் பட்டத்தை ஸ்டெபானெக்குடன் ஜயித்தவர். அகில இந்திய டென்னிஸ் சங்கத்தார் பயஸையும் பூபதியையும் ஜோடியாக்க நினைத்தார்கள். பூபதி மாட்டேன் என்றார். போபண்ணாவும் பயஸோடு ஆட மாட்டேன் என்றார். அறிக்கையும் மறு அறிக்கையுமாகப் பத்திரிகைகள் நிரம்பின. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. இங்கே ஊர் மூன்றாகவே பட்டது.

கடைசியில் இரண்டு ஜோடிகள் அனுப்பப்பட்டன. ஒன்று பூபதி–போபண்ணா, மற்றொன்று பயஸும், உலக வரிசையில் முதல் இருநூறு பேருக்குள் வராத இளைஞரான விஷ்ணு வர்தனும். பயஸைச் சமாதானப்படுத்தும் பொருட்டு, கலப்பு ஆட்டத்தில் அவருக்குச் சானியா மிர்ஸாவைக் கூட்டாளியாகக் கொடுத்தார்கள். சானியாவோ சில வாரங்களுக்கு முன்புதான் பூபதியுடன் சேர்ந்து பிரெஞ்சு கலப்பு ஜோடிப் பட்டத்தை ஜயித்திருந்தார். தம்மைக் கேளாமல் தம்மை ஒரு சமாதானப் பொருளாக்கிவிட்டார்கள் என்று அவர் மனம் வருந்தி அறிக்கை வெளியிட்டார். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது என்பதே நம் அபிப்பிராயம்.

பலன் என்ன? ஆடவர் ஜோடிகள் இரண்டும் இரண்டாவது சுற்றிலேயே தோற்றன. பயஸும் சானியாவும் கால் இறுதியில் தோற்றார்கள். அவர்களை ஜயித்த ஜோடியில் ஒருவர், ஒரு காலத்தில் பூபதியின் கூட்டாளியாக இருந்த அதே மிர்னி.

இதில் குற்றவாளி யார் என்று தீர்ப்புச் சொல்ல நாம் உட்காரவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. எல்லா நியாயங்களும் சேர்ந்து ஓர் அநியாயமாக முடிந்தது. பேச வேண்டியவர்கள் வருஷத் தொடக்கத்திலேயே ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசவில்லை. சங்கத்தார் முன்கூட்டி முடிவு செய்யவில்லை. நாமும், நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களும், வாசகர்களும், ஒருவருக்குக் கட்சி கட்டிக்கொண்டு மற்றவரை ஏசுவதில் குறை வைக்கவில்லை.

நல்ல பிரிவு

பிரிவு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டுமா? இல்லை என்பதற்கு அதே சானியா மிர்ஸாவின் கதையே சாட்சி.

2015 மார்ச்சில் சானியாவும் ஸ்விட்ஸர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸும் ஜோடி சேர்ந்தார்கள். சேர்ந்து ஆடிய முதல் மூன்று போட்டிகளையும் ஜயித்தார்கள். அந்த வருஷம் விம்பிள்டன், அமெரிக்கப் பட்டம். அடுத்த வருஷ ஆரம்பத்தில் ஆஸ்திரேலியப் பட்டம். ஒரு சமயம் தொடர்ந்து 41 ஆட்டங்களில் அவர்களை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை. 2016-ம் வருஷத்துப் பிரெஞ்சுப் போட்டியில் ஒரு வேடிக்கையும் நடந்தது. கலப்பு ஆட்டத்தின் இறுதியில் ஹிங்கிஸ் பயஸின் பக்கத்தில் நின்று, எதிரே நின்ற சானியாவின் ஜோடியைத் தோற்கடித்தார். பெண்கள் ஆட்டத்தில் தோழி, கலப்பு ஆட்டத்தில் எதிரி. இருவரும் அதைப் பாராட்டவில்லை.

பிறகு வெற்றிகள் அருகத் தொடங்கின. அந்த ஆகஸ்டு மாதத்தில் பிரிந்துவிட்டார்கள். பிரிந்தவுடன் நடந்த ஸின்ஸினாட்டிப் போட்டியின் இறுதி ஆட்டத்திலேயே, புதிய கூட்டாளியோடு வந்த சானியா, புதிய கூட்டாளியோடு வந்த ஹிங்கிஸை ஜயித்தார். இதற்கு மேல் என்ன மனக்கசப்பு வேண்டும்? ஆயினும், வருஷ முடிவில் சிங்கப்பூரில் நடந்த பெரும் போட்டிக்கு அவர்கள் ஜோடியாகத் தகுதி பெற்றிருந்தார்கள். அதை வீணாக்காமல் இருவரும் மறுபடி கூடி நின்று ஆடி, அரை இறுதி வரை சென்றார்கள். சேர்ந்து சம்பாதித்ததைச் சேர்ந்தே செலவழித்தார்கள்.

பிரயன் சகோதரர்களுக்கு வந்த சோதனை வேறு விதமானது. 2018-ல் பாப் இடுப்பு எலும்பில் காயப்பட்டு ஒதுங்கினார். மைக் தம் வாழ்நாளெல்லாம் தம்பியின் பக்கத்திலேயே நின்றவர். இப்போது ஜாக் ஸாக் என்ற இளைஞருடன் நின்றார். அந்த வருஷத்து விம்பிள்டன் பட்டமும் அமெரிக்கப் பட்டமும் அவர்களுக்கே. அவ்வளவு வெற்றிக்குப் பிறகும், அடுத்த வருஷம் பாப் குணமாகித் திரும்பியதும் மைக் தம்பியோடு போய்ச் சேர்ந்துகொண்டார். இளைஞர் தற்காலிகக் கூட்டாளி என்பது முதலிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் யாருக்கும் மனத்தாங்கல் வரவில்லை.

நம் போபண்ணாவையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். 2010-ல் அவரும் குரேஷியும் அமெரிக்கப் போட்டியின் இறுதி ஆட்டம் ஆடியபோது, ஐக்கிய நாடுகள் சபையில் இரு தேசங்களின் பிரதிநிதிகளும் வந்திருந்து பார்த்தார்கள். இருவரும் பிரிந்தார்கள், 2014-ல் மறுபடி சேர்ந்தார்கள். ஒரு தடவை நல்ல விதமாகப் பிரிந்தவர்களுக்குத்தான் மறுபடி கதவைத் தட்டத் துணிவு வரும். பல கூட்டாளிகளுக்குப் பிறகு, 2023-ல் ஆஸ்திரேலியரான மாத்யூ எப்டனுடன் சேர்ந்தார் போபண்ணா. 2024-ல் தம் 43-வது வயதில் ஆஸ்திரேலியப் பட்டத்தை ஜயித்து, உலக வரிசையில் முதல் ஸ்தானத்தையும் அடைந்தார். அந்த வயதில் அந்த ஸ்தானத்தை முதல் தடவையாக அடைந்தவர் வேறு எவரும் இல்லை. ஆனால், அந்த வருஷத்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் தேச விதி குறுக்கிட்டது. எப்டன் தம் நாட்டு ஜான் பியர்ஸுடன் சேர்ந்து தங்கம் வாங்கினார். போபண்ணா கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜியைத் தேர்ந்து ஆடி, முதல் சுற்றில் தோற்றார். தோற்றாலும், 2012-ல் எழுந்த கூச்சல் இந்தத் தடவை எழவில்லை. யாரோடு ஆடுவது என்பது முன்கூட்டிப் பேசி முடிவாகியிருந்தது. வருஷ முடிவில் எப்டனும் போபண்ணாவும் பிரிந்தார்கள். 2025 நவம்பரில் போபண்ணா ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

டியான்ஜினில் ஒரு நாள்

இனி நாம் சொல்லப் போகும் சம்பவம் பலருக்கு மறந்து போயிருக்கலாம்.

2018 ஏப்ரல் மாதம். சீன தேசத்தில் டியான்ஜின் நகரம். டேவிஸ் கோப்பையில் பாரதமும் சீனாவும் மோதின. முதல் நாள் நடந்த இரண்டு தனி ஆட்டங்களிலும் பாரதம் தோற்றுவிட்டது. இன்னும் ஒன்று போனால் எல்லாம் முடிந்தது. மறுநாள் காலை ஜோடி ஆட்டம். களத்தில் இறங்கியவர்கள் யார்? லியாண்டர் பயஸும் ரோஹன் போபண்ணாவும்! 2012-ல் "இவரோடு ஆட மாட்டேன்" என்று சொல்லப்பட்டவரும் சொன்னவரும். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அணித் தலைவர் யார்? மகேஷ் பூபதி! முந்திய வருஷம் பெங்களூரில் நடந்த போட்டியில் பயஸை ஆடவிடாமல் நிறுத்தி, அதனால் பெரிய சச்சரவுக்கு ஆளானவரும் அவரே.

முதல் செட் சீனர்களுக்கு. அடுத்த இரண்டு செட்டுகளும் டை–பிரேக்கர் வரை போயின. இரண்டையும் பாரத ஜோடி பிடித்தது. டேவிஸ் கோப்பை சரித்திரத்திலேயே மிக அதிகமான ஜோடி ஆட்டங்களை ஜயித்தவர் என்ற பெருமை, 43-வது வெற்றியோடு அன்று பயஸுக்குக் கிடைத்தது. பிறகு சென்னைப் பையன்கள் இரண்டு பேர், ராம்குமார் ராமநாதனும் பிரஜ்னேஷ் குணேஸ்வரனும், மிச்சமிருந்த இரண்டு தனி ஆட்டங்களையும் ஜயித்தார்கள். இரண்டுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கியிருந்த பாரதம் மூன்றுக்கு இரண்டு என்று வென்றது.

அந்த மூவரும் அன்று திடீரென்று நெருங்கிய நண்பர்களாகிவிட்டார்கள் என்று நாம் கதை கட்டவில்லை. நண்பர்களாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஜாடை காட்டியவர் சொன்னபடி பாய்ந்தார். பின்னால் இருந்தவர் அவர் விட்ட இடத்தைக் காத்தார். நாற்காலியில் இருந்தவர், களத்தில் யார் வேண்டுமோ அவரை அனுப்பினார். அவ்வளவே தேசம் அவர்களிடம் கேட்டது. 2012-ல் கேட்டதும் அவ்வளவேதான்.

சேர்ந்தவர்கள் என்றென்றும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று ஆணையிட எவருக்கும் உரிமை இல்லை. ஆனால், சேரும்போது இது எத்தனை காலத்துக்கு, எதன் பொருட்டு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம். பிரியும் எண்ணம் வந்தால், அதை ஊரார் சொல்லிக் கூட்டாளி கேட்கும்படி விடாமல், தாமே முதலில் போய்ச் சொல்லலாம். சேர்ந்து ஒப்புக்கொண்ட காரியம் ஏதேனும் பாக்கி இருந்தால் முடித்துவிட்டுப் போகலாம். பிறகு எதிர்ப்பக்கத்தில் நின்று ஜயித்தாலும் தோற்றாலும் வலையருகே வந்து கை கொடுக்கலாம். பார்த்துக்கொண்டிருக்கும் நாமோ, இரண்டு பேரில் யார் கட்சி என்று கேட்பதைச் சற்றே நிறுத்திவைக்கலாம்.

நேயர்களில் எத்தனையோ பேர், சகோதரரோடோ, கூட்டு வியாபாரியோடோ, ஒரு காலத்துத் தோழரோடோ பேச்சு நின்றுபோய் வருஷக் கணக்காக இருப்பீர்கள். கூட்டை மறுபடி தொடங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. வீட்டில் ஒரு கல்யாணமோ காரியமோ வரும்போது, அந்த ஒரு நாளைக்கு எப்படிச் சேர்ந்து நிற்பது என்பதை மட்டுமாவது முன்கூட்டியே, மூன்றாம் மனிதர் இல்லாமல், நேரில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.